வருஷத்துக்கு ஒரு அணு: ஃப்ரெட் ஹாயில் தோற்ற கதை

(பாட்காஸ்ட் எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

போன மாசம் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அனுப்பினவர் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற ஒரு தம்பி. பின்னணியில் பஸ் ஹார்ன் சத்தம். நடுவில் ஒருத்தர் "டேய், ஏறுடா" என்கிறார். அந்த அவசரத்திலும் தம்பி மூன்று கேள்வி கேட்டுவிட்டார்.

"அண்ணா, பொருளை ஆக்கவும் முடியாது அழிக்கவும் முடியாதுன்னு படிச்சோம். ஆனா பிரபஞ்சம் விரிஞ்சுக்கிட்டே போகுதுங்கிறாங்க. அப்ப நடுவுல வர்ற காலி இடத்தை நிரப்ப புதுப் பொருள் எங்கிருந்து வருது? அப்புறம் இந்த மல்டிவெர்ஸ்... அத்தனை பிரபஞ்சத்துக்கும் பொருளை யாரு சப்ளை பண்றா?"

நான் சிரித்துவிட்டு, "ஈஸியான கேள்விதான், ரெண்டு வரியில பதில் அனுப்பிடலாம்" என்று நினைத்தேன். முதல் கேள்விக்கு ரெண்டு வரி போதும்தான். புதுப் பொருள் எதுவும் வரவில்லை. இருக்கிற பொருளுக்கு நடுவில் இடம் அதிகமாகிறது, அடர்த்தி குறைகிறது, அவ்வளவுதான்.

டைப் பண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒன்று ஞாபகம் வந்தது. இதே கேள்வியை 1948-ல் மூன்று பேர் கேட்டார்கள். அவர்கள் சொன்ன பதில்: "ஆமா, புதுப் பொருள் வந்துக்கிட்டே இருக்கு." மூவரும் கேம்பிரிட்ஜில் இருந்த முதல் தர விஞ்ஞானிகள். பதினேழு வருஷம் உலகம் அதைப் பற்றிச் சண்டை போட்டது. கடைசியில் அது தோற்றது. இன்றைய எபிசோட் அந்தத் தோல்வியைப் பற்றியது.

கணக்குப்பிள்ளையின் விதி

முதலில் அந்த விதியைப் பார்ப்போம். பள்ளிப் புத்தகத்தில் அதன் பெயர் பொருண்மை அழியா விதி. அதோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் லவாய்சியர்.

அந்துவான் லவாய்சியர் பிரெஞ்சுக்காரர். வேதியியல் அவருக்கு ஆசை, வரி வசூல் தொழில். அரசனுக்காக மக்களிடம் வரி வசூலித்துக் கொடுக்கும் தனியார் அமைப்பில் பங்குதாரர். அதனாலேயே புரட்சிக் காலத்தில், 1794 மே மாதம், கில்லட்டினில் தலை போனது. அவர் செய்த வேதியியலிலும் அந்தக் கணக்குப்பிள்ளை புத்தி தெரியும். விறகை எரித்தால் சாம்பல்தான் மிஞ்சுகிறது, எடை குறைகிறது. உலோகத்தைச் சூடாக்கினால் எடை கூடுகிறது. ஒரு பக்கம் நஷ்டம், இன்னொரு பக்கம் லாபம். லவாய்சியர் பாத்திரத்தை மூடி வைத்து, காற்றையும் சேர்த்து எடை போட்டார். வரவும் செலவும் சரியாக இருந்தது. 1789-ல் வந்த தன் பாடநூலில் அதை அடிப்படைக் கொள்கையாகவே எழுதி வைத்தார்.

1840-களில் மேயர், ஜூல், ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆகியோர் ஆற்றலுக்கும் இதே கணக்கு உண்டு என்று காட்டினார்கள். 1905-ல் ஐன்ஸ்டைன் இரண்டு லெட்ஜரையும் ஒன்றாக்கினார். பொருளும் ஆற்றலும் ஒரே சரக்கு, மாற்று விகிதம் மட்டும் ரொம்பப் பெரிசு.

ஆக, 20-ஆம் நூற்றாண்டு தொடங்கும்போது இயற்பியலில் எந்த விதி ஆடினாலும் இது ஆடாது என்ற நம்பிக்கை இருந்தது. இன்னொரு நம்பிக்கையும் இருந்தது. பிரபஞ்சம் மொத்தத்தில் அப்படியே இருக்கிறது, வளர்வதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. 1917-ல் ஐன்ஸ்டைன் தன் பொதுச் சார்பியலைப் பிரபஞ்சம் முழுமைக்கும் போட்டுப் பார்த்தபோது, சமன்பாடு ஒரு இடத்தில் நிற்க மாட்டேன் என்றது. அதை நிறுத்துவதற்காகவே ஒரு மாறிலியைச் சேர்த்தார்.

1922-ல் ரஷ்யாவில் ஃப்ரீட்மன், 1927-ல் பெல்ஜியத்தில் லெமெய்த்ர. இரண்டு பேரும் தனித்தனியாக, விரியும் பிரபஞ்சமும் அந்தச் சமன்பாட்டுக்குள் இருக்கிறது என்று காட்டினார்கள். 1929-ல் ஹபிள், தூரத்துக் கேலக்ஸிகள் தூரத்துக்கு ஏற்ற வேகத்தில் நம்மை விட்டு விலகுவதுபோல் தெரிகிறது என்று வரைபடம் போட்டார். லெமெய்த்ர கத்தோலிக்கப் பாதிரியார். 1931-ல் அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். விரிகிற ஒன்றைப் பின்னோக்கி ஓட்டினால், எல்லாம் ஒரே இடத்தில் நெருங்கியிருந்த ஒரு தொடக்கம் வரவேண்டும் இல்லையா?

அப்பாவை விட மூத்த மகன்

இங்கேதான் ஒரு பக்கா பக் இருந்தது.

விரிவு வேகத்தை வைத்து, தொடக்கம் எப்போது என்று கணக்குப் போடலாம். ஹபிளின் எண் சுமார் 500. அதாவது 32 லட்சம் ஒளியாண்டு சொச்சம் தூரத்துக்கு, நொடிக்கு 500 கிலோமீட்டர். அதை வைத்துப் பார்த்தால் பிரபஞ்சத்தின் வயது ஏறக்குறைய 200 கோடி வருஷம். அதே சமயத்தில் கதிரியக்கத்தை வைத்துப் பாறைகளின் வயதை அளந்தவர்கள், 1940-களில் பூமிக்கு 300 கோடி வருஷத்துக்கு மேல் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பூமியின் வயது பிரபஞ்சத்தின் வயதை விட அதிகம்!

ஆக, தொடக்கம் உண்டு என்கிற கோட்பாடு அளவீட்டோடு நேரடியாக மோதியது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஹாயிலைப் பிடிவாதக்காரர் என்று எழுதுகிறவர்கள் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். 1948-ல் ஹாயில் பக்கம் டேட்டா இருந்தது.

யார் இந்த மூன்று பேர்? ஃப்ரெட் ஹாயில் யார்க்‌ஷயர் கிராமத்துக்காரர், பேச்சில் கடைசி வரை அந்த ஊர் வாடை போகவில்லை. ஹெர்மன் போண்டியும் தாமஸ் கோல்டும் வியன்னாவில் பிறந்த யூதர்கள். போர் வந்ததும் பிரிட்டன் அவர்களை "எதிரி நாட்டவர்" என்று பிடித்து முகாமில் அடைத்தது. அந்த முகாமில்தான் இருவரும் நண்பர்கள் ஆனார்கள். பிறகு அதே பிரிட்டன் தன் கடற்படைக்காக ராடார் ஆராய்ச்சிக்கு அவர்களைக் கூப்பிட்டது. அங்கே ஹாயில் இருந்தார். பகலில் ராடார், ராத்திரியில் வானியல் அரட்டை. போர் முடிந்ததும் மூவரும் கேம்பிரிட்ஜ் திரும்பினார்கள். அரட்டை தொடர்ந்தது.

அவர்களே பிறகு சொன்ன கதை இது. ஒருநாள் மூவரும் 1945-ல் வந்த 'டெட் ஆஃப் நைட்' என்ற பேய்ப்படம் பார்த்தார்கள். படம் முடிகிற காட்சி, தொடங்கிய காட்சியிலேயே போய் நிற்கும். கோல்ட் கேட்டார்: பிரபஞ்சமும் இப்படி இருந்தால்? எல்லாம் நகர்ந்துகொண்டே இருக்கிறது, ஆனால் எப்போது உள்ளே வந்து பார்த்தாலும் அதே காட்சி.

மற்ற இருவரும் முதலில் இதை உடனே உடைத்துவிடலாம் என்று நினைத்தார்கள். முடியவில்லை.

ஒரு பெரிய கட்டடத்தில் ஒரு அணு

யோசிச்சுப் பாருங்க. ஒரு ஆறு ஓடிக்கொண்டே இருக்கிறது, ஆனால் நீர்மட்டம் மாறவில்லை. போகிற அளவுக்கு வந்துகொண்டும் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? கேலக்ஸிகள் விலகிப் போகின்றன, ஆனால் பிரபஞ்சம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கிறது என்றால், நடுவில் புதுப் பொருள் பிறந்து புதுக் கேலக்ஸிகள் உருவாக வேண்டும். அந்தத் தம்பி பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு கேட்ட அதே தர்க்கம்.

எவ்வளவு பொருள் பிறக்க வேண்டும்? இங்கேதான் அழகு. ஒரு பெரிய கட்டடம் அளவு இடத்தில் வருஷத்துக்கு ஒரே ஒரு ஹைட்ரஜன் அணு போதும் என்று ஹாயில் விளக்கினார். எந்தத் தராசும் அதைப் பிடிக்காது. லவாய்சியரின் மூடிய பாத்திரம் லட்சம் வருஷம் மேஜையில் இருந்தாலும் வித்தியாசம் தெரியாது.

இதைச் சொல்லித்தான் அவர்கள் தைரியமாக ஒரு கேள்வி வைத்தார்கள். பொருள் அழியாது, ஆகாது என்பதை நாம் எந்தத் துல்லியத்துக்குச் சோதித்திருக்கிறோம்? ஆய்வகத்தில் சோதித்த ஒன்றைப் பிரபஞ்சம் முழுக்க, எல்லாக் காலத்துக்கும், கடைசி அணு வரைக்கும் உண்மை என்று எடுத்துக்கொள்ள நமக்கு என்ன உரிமை? தொடக்கக் கோட்பாட்டில் மொத்தப் பொருளும் ஒரே நொடியில், யாரும் பார்க்க முடியாத நேரத்தில் வந்துவிடுகிறது. நாங்கள் அதையே கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறோம். இதில் எது பெரிய விதிமீறல்?

1948-ல் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று போண்டியும் கோல்டும் எழுதியது, இன்னொன்று ஹாயில் தனியாக எழுதியது. கோட்பாட்டின் பெயர் ஸ்டெடி ஸ்டேட். தமிழில் மாறாநிலைக் கோட்பாடு என்று சொல்லலாம். தொடக்கம் கிடையாது, முடிவு கிடையாது, வயதுப் பிரச்சினையும் கிடையாது.

1949 மார்ச் 28 அன்று ஹாயில் பிபிசி வானொலியில் பேசினார். எதிர்க் கோட்பாட்டை விளக்க ஒரு சொல் தேவைப்பட்டது. "பிக் பாங்" என்றார். கிண்டலுக்காகச் சொன்னார் என்று பலரும் எழுதுவார்கள். அவர் அதை மறுத்திருக்கிறார். வானொலியில் படம் காட்ட முடியாது, கேட்கிறவர் மனசில் பளிச்சென்று தெரிய ஒரு சொல் வேண்டியிருந்தது என்பது அவர் கட்சி. பாட்காஸ்ட் நடத்துகிறவன் என்ற முறையில் எனக்கு அவர் சொல்வதில் நம்பிக்கை இருக்கிறது. எப்படியோ, எதிரிக் கட்சிக்குப் பெயர் வைத்தது இவர்தான்.

1951-ல் போப் 12-ஆம் பயஸ், நவீன வானியல் படைப்பை உறுதிப்படுத்துவது போலப் பேசினார். நாத்திகரான ஹாயிலுக்கு அது பிடிக்கவில்லை என்பதில் ஆச்சரியமில்லை. பாதிரியாரான லெமெய்த்ரவுக்கும் பிடிக்கவில்லை! என் கோட்பாடு இயற்பியல், அதில் மதத்தைக் கலக்காதீர்கள் என்பதுதான் அவர் நிலை.

தோற்கிறவர் வழியில் கண்டுபிடித்தது

ஸ்டெடி ஸ்டேட்டுக்கு ஒரு பெரிய பொறுப்பு இருந்தது. புதிதாகப் பிறப்பது ஹைட்ரஜன் மட்டும். அப்படியானால் கார்பன், ஆக்சிஜன், இரும்பு எல்லாம் எங்கிருந்து வந்தன? எதிர்க் கட்சியில் ஜார்ஜ் காமோவ், ரால்ஃப் ஆல்ஃபர் ஆகியோருக்குச் சுலபம். தொடக்கத்தின் பயங்கர வெப்பத்தில் எல்லாம் சமைந்துவிட்டது என்று சொல்லலாம். ஹாயிலிடம் அந்த அடுப்பு இல்லை. அவருக்கு இருந்த ஒரே அடுப்பு, நட்சத்திரம். 1946-லேயே அவர் அந்த வேலையைத் தொடங்கியிருந்தார். இப்போது அது கட்டாயம் ஆனது.

சிக்கல் கார்பனில் இருந்தது. மூன்று ஹீலியம் அணுக்கருக்கள் சேர்ந்தால் கார்பன் வரும். ஆனால் அப்போது தெரிந்த இயற்பியல்படி அது நடக்கிற வேகம் போதவே போதாது. கார்பன் அணுக்கருவுக்குச் சுமார் 7.7 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் அளவில் ஒரு ஆற்றல் நிலை இருந்தால் மட்டுமே கணக்கு ஒத்துவரும். 1953-ல் ஹாயில் கால்டெக்கில் வில்லியம் ஃபௌலரின் ஆய்வகத்துக்குப் போய், "இது இருந்தே ஆகணும், தேடிப் பாருங்க" என்று நின்றார். ஒரு வானியல்காரர் வந்து அணுக்கரு இயற்பியல்காரர்களிடம் உங்கள் அணுக்கருவில் இது இருக்கிறது என்கிறார்! ஃபௌலருக்கு நம்பிக்கை இல்லை. வார்ட் வேலிங் குழுவினர் சோதித்தார்கள். இருந்தது, ஏறக்குறைய அவர் சொன்ன இடத்திலேயே.

1957-ல் மார்கரெட் பர்பிட்ஜ், ஜெஃப்ரி பர்பிட்ஜ், ஃபௌலர், ஹாயில் நால்வரும் சேர்ந்து ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார்கள். நம் ரத்தத்தில் இருக்கிற இரும்பும், மூச்சில் போகிற ஆக்சிஜனும் நட்சத்திரங்களில் உருவானவை என்று இன்று எல்லா டாக்குமென்டரியிலும் சொல்கிறார்களே, அதன் அடித்தளம் அந்தக் கட்டுரை. 1983-ல் இதற்கான நோபல் பரிசு ஃபௌலருக்குப் போனது. அந்த வருஷம் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் நம்ம பிரசிடென்சி கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர். ஹாயில் பெயர் இல்லை.

சத்தம்

ஆனால் அதற்குள் ஸ்டெடி ஸ்டேட்டின் காலடி மண் ஒவ்வொன்றாகச் சரிந்திருந்தது.

1952-ல் வால்டர் பாடே, ஹபிளின் தூர அளவுகோலில் பிழை இருக்கிறது என்றார். கேலக்ஸிகள் நினைத்ததை விட இருமடங்கு தூரம், அதனால் பிரபஞ்சத்தின் வயதும் இருமடங்கு. அடுத்தடுத்த திருத்தங்களில் ஹபிளின் 500, இன்று 70-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. வயது 1380 கோடி வருஷம். பூமிக்கு 454 கோடி. மகன் மகனாகவே ஆகிவிட்டான்.

பிறகு மார்ட்டின் ரைல். அவரும் கேம்பிரிட்ஜ்காரர், ரேடியோ வானியல். தூரத்தில், அதாவது கடந்த காலத்தில், ரேடியோ மூலங்கள் எதிர்பார்த்ததை விட அதிகமாக இருக்கின்றன என்றார். பிரபஞ்சம் முன்பு வேறு மாதிரி இருந்தது என்று அர்த்தம். 1955-ல் அவர் முதலில் கொடுத்த எண்ணிக்கையில் பெரிய பிழைகள் இருந்தன. ஹாயில் அதை நம்ப மறுத்தது அப்போது சரிதான். 1961-ல் ரைல் திருத்திய எண்ணிக்கையோடு வந்தார். ஒரு பத்திரிகையாளர் சந்திப்புக்குத் தன்னை மனைவியோடு அழைத்து, என்ன அறிவிக்கப் போகிறார்கள் என்று சொல்லாமலே மேடையில் உட்கார வைத்ததை ஹாயில் பல வருஷம் கழித்துத் தன் சுயசரிதையில் வலியோடு எழுதியிருக்கிறார். இந்த முறை ரைலின் எண்ணிக்கை பொதுவாகச் சரி. ஆனால் போன முறை கத்துக்கிட்ட பாடத்தால் ஹாயில் இந்த முறையும் நம்பவில்லை.

அடுத்து ஹீலியம். பிரபஞ்சத்தில் சாதாரணப் பொருளின் நிறையில் கால் பங்கு ஹீலியம். நட்சத்திரங்களால் அவ்வளவு சமைக்க முடியாது. 1964-ல் இதைக் கணக்குப் போட்டு, பிரபஞ்சம் முன்பு மிகச் சூடாக இருந்திருந்தால்தான் ஒத்துவரும் அல்லது மிகப் பெரிய நிறையுள்ள பொருள்கள் அதைச் சமைத்திருக்க வேண்டும் என்று எழுதியது யார் தெரியுமா? ராஜர் டெய்லரும் ஃப்ரெட் ஹாயிலும். தன் கோட்பாட்டுக்கு எதிரான சாட்சியைத் தானே கூண்டில் ஏற்றினார்.

கடைசி அடி நியூ ஜெர்சியில் விழுந்தது. பெல் ஆய்வகத்தின் பென்சியாஸும் வில்சனும் ஒரு பெரிய கொம்பு வடிவ ஆன்டெனாவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும், எந்த நேரம் கேட்டாலும் ஒரு மெல்லிய இரைச்சல். உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களை விரட்டினார்கள், எச்சத்தைக் கழுவினார்கள். இரைச்சல் போகவில்லை. அது 3 கெல்வின் சொச்சம் வெப்பநிலையுள்ள கதிர்வீச்சு, வானம் முழுக்க ஒரே அளவு. ஆல்ஃபரும் ராபர்ட் ஹெர்மனும் 1948-லேயே 5 கெல்வின் இருக்கும் என்று கணித்திருந்த அந்தப் பழைய சூட்டின் மிச்சம். 1965-ல் செய்தி வெளியானது. பெரும்பாலான விஞ்ஞானிகளுக்கு வழக்கு அதோடு முடிந்தது.

நான் போட்ட பேட்ச்

இங்கே என் கதை ஒன்று சொல்ல வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன்பு நான் இருந்த ஒரு டீமில், ஆர்டர்களை எண்ணும் ஒரு சர்வீஸின் டிசைன் என்னுடையது. இரண்டு பக்கத்து எண்ணிக்கையும் சரியாகவே பொருந்தவில்லை. ஆயிரத்துக்கு ஒன்று, இரண்டு குறையும். "லேட்டா வர்ற ஈவென்ட், சரியாயிடும்" என்றேன். ஒரு பேட்ச் போட்டேன். பிறகு அந்தப் பேட்சுக்கு ஒரு பேட்ச். என்னை விட ஜூனியரான ஒரு பெண் ஒரு கிராஃப் போட்டுக் காட்டி, "அண்ணா, டிசைன்லயே ஒரு ரேஸ் கண்டிஷன் இருக்கு" என்றார். நான் ஒத்துக்கொள்ள இன்னும் மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் நான் முட்டாள்தனமாக யோசித்ததாக எனக்குத் தோன்றவே இல்லை. ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக யோசித்துக்கொண்டிருந்தேன். பிரச்சினையே அதுதான்.

ஹாயிலும் கடைசி வரை பேட்ச் போட்டார். அவரோடு நின்றவர் அவர் மாணவர், கோலாப்பூரில் பிறந்த ஜயந்த் நார்லிகர். விண்வெளியில் ஊசி போன்ற இரும்புத் துகள்கள் மிதக்கின்றன, அவை நட்சத்திர ஒளியை உறிஞ்சித்தான் அந்த 3 கெல்வின் கதிர்வீச்சாக மாற்றுகின்றன என்றார்கள். 1993-ல் பர்பிட்ஜோடு சேர்ந்து கோட்பாட்டின் புது வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. ஹாயில் 2001-ல் இறந்தார். புனேயில் ஐயூகா ஆராய்ச்சி மையத்தை உருவாக்கிய நார்லிகர் 2025 மே மாதம் காலமானார். மாற்றுக் கோட்பாடு ஒன்று மேஜையில் இருப்பது அறிவியலுக்கு நல்லது என்று கடைசி வரை வாதாடினார்.

லெட்ஜரே இல்லாத கணக்கு

சரி, அவர்கள் தோற்றார்கள். அப்படியானால் பொருண்மையும் ஆற்றலும் அழியா விதி ஜெயித்ததா? இதை நான் தேடிப் படித்தபோதுதான் ஆடிப்போனேன்.

1915-ல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் கணித மேதைகள் ஹில்பர்ட்டும் க்ளைனும் ஒரு குழப்பத்தில் இருந்தார்கள். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலில் ஆற்றல் கணக்கு வழக்கம்போல் உட்காரவில்லை. அவர்கள் உதவிக்கு அழைத்தவர் எமி நோய்தர். பெண் என்பதால் பல்கலைக்கழகம் அவருக்குப் பதவி தரவில்லை. ஹில்பர்ட் பெயரில் அறிவித்த வகுப்புகளை அவர் சம்பளம் இல்லாமல் எடுத்தார். 1918-ல் அவர் வெளியிட்ட தேற்றம் சொல்வது இது: ஒவ்வொரு அழியா விதிக்குப் பின்னாலும் ஒரு மாறாத் தன்மை இருக்கிறது. நேற்று செய்த சோதனையை இன்று செய்தாலும் அதே முடிவு வரும், அதாவது விதிகள் காலத்தால் மாறாதவை என்பதால்தான் ஆற்றல் அழிவதில்லை.

இப்போது அதைப் பிரபஞ்சத்துக்குப் போடுங்கள். விரிகிற பிரபஞ்சம் நேற்று இருந்தது போல் இன்று இல்லை. மேடையே காலத்தோடு மாறுகிறது. அப்படியானால் பிரபஞ்சம் முழுமைக்கும் ஆற்றல் மாறாமல் இருக்க வேண்டும் என்று கேட்கிற அடிப்படையே அங்கே இல்லை.

உதாரணம், அதே ரேடியோ இரைச்சல். அந்த ஒளி கிளம்பியபோது சுமார் 3000 கெல்வின். இன்று 2.7. வழியில் பிரபஞ்சம் ஏறக்குறைய 1100 மடங்கு விரிந்ததால், ஒவ்வொரு ஒளித்துகளின் ஆற்றலும் 1100-ல் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. மிச்ச ஆற்றல் எங்கே போனது? ஈர்ப்புப் புலத்தின் கணக்கில் எழுதலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்தக் கணக்கை எழுத எல்லோரும் ஒத்துக்கொள்கிற ஒரே முறை கிடையாது, பேசாமல் மொத்தக் கணக்கையே விட்டுவிடலாம் என்று மற்றவர்கள் சொல்வார்கள். உங்கள் சமையலறையில், ராக்கெட்டில், சூரியனுக்குள் விதி பத்திரமாக இருக்கிறது. மொத்தப் பிரபஞ்சத்துக்கு என்று வரும்போது, கூட்டிப் பார்க்க ஒரு லெட்ஜர் இல்லை.

1998-ல் இன்னொன்று தெரிந்தது. விரிவு வேகம் கூடிக்கொண்டே போகிறது. காரணம் இருண்ட ஆற்றல் என்கிறார்கள். வெற்றிடத்துக்கே உரிய ஆற்றல் அது என்பதுதான் எளிமையான விளக்கம். அப்படியானால், இடம் கூடினாலும் அதன் அடர்த்தி குறையாது. இடம் இரண்டு மடங்கானால், அதுவும் இரண்டு மடங்கு. இதை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? இடம் விரிய விரிய, அடர்த்தி மாறாமல் புதிதாக வந்துகொண்டே இருக்கிற சரக்கு. ஹைட்ரஜன் என்ற இடத்தில் இருண்ட ஆற்றல் என்று போட்டுக்கொள்ளுங்கள்.

மல்டிவெர்ஸுக்குச் சப்ளை

தம்பியின் மூன்றாவது கேள்வி பாக்கி. சினிமாவில் வருகிற மல்டிவெர்ஸ், ஹியூ எவரெட் 1957-ல் குவாண்டம் இயற்பியலுக்குச் சொன்ன விளக்கம், இவையெல்லாம் வேறு வேறு சங்கதி. வானியலில் பல பிரபஞ்சம் என்ற பேச்சு பெரும்பாலும் இன்ஃப்ளேஷன் என்ற கோட்பாட்டிலிருந்து வருகிறது.

1979 டிசம்பரில் ஆலன் கூத் என்ற இளம் இயற்பியலாளர் யோசித்தது இது. ஆரம்பத்தில், நொடியின் கற்பனைக்கு எட்டாத சிறு பகுதியில், அடர்த்தி குறையாத ஒரு ஆற்றல் இடத்தை அசுர வேகத்தில் விரித்திருந்தால்? விரிய விரிய அந்த ஆற்றலின் மொத்தமும் பெருகும். விரிவு முடியும்போது அது துகள்களாகக் கொட்டும். ஈர்ப்பின் ஆற்றல் எதிர்மறை என்பதால், கணக்குப் போட நினைத்தால் மொத்தம் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் சப்ளை பண்ணத் தனியாக ஆள் வேண்டாம்.

1983-ல் விலென்கினும், 1986-ல் லிண்டேவும் இதை இன்னும் நீட்டினார்கள். அந்த விரிவு எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் நிற்காது. ஒரு இடத்தில் நின்றால் அங்கே ஒரு பிரபஞ்சம். மற்ற இடங்கள் விரிந்துகொண்டே இருக்கும், இன்னொரு மூலையில் இன்னொன்று பிறக்கும். தூரத்திலிருந்து முழுதாகப் பார்க்க முடிந்தால்: ஓயாத விரிவு, ஓயாத படைப்பு, எப்போது பார்த்தாலும் ஏறக்குறைய அதே காட்சி. அந்தப் பேய்ப்படம்!

இது வெறும் ஒற்றுமை மட்டும் இல்லை. ஹாயிலின் விரிவுக்கும் இன்ஃப்ளேஷனின் விரிவுக்கும் கணித வடிவம் ஏறக்குறைய ஒன்றே. 1966-லேயே ஹாயிலும் நார்லிகரும், படைப்பு ஓரிடத்தில் நின்றுபோனால் அந்தப் பகுதி தனிக் குமிழி போல விரியும், நாம் பார்ப்பது அப்படி ஒரு குமிழியாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள்.

அதற்காக "ஹாயில்தான் சரி, உலகம் ஏமாத்திடுச்சு" என்று வாட்ஸ்அப் ஃபார்வர்டு போட வேண்டாம். அவர் நாம் பார்க்கிற இந்தப் பிரபஞ்சத்தைப் பற்றிச் சொன்னது தப்பு. இதற்கு ஒரு சூடான இளமை இருந்தது, அது அளந்து நிரூபிக்கப்பட்டது. முடிவில்லாத இன்ஃப்ளேஷனோ இன்னும் நிரூபிக்கப்படாத யோசனை. அந்தக் கோட்பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான பால் ஸ்டைன்ஹார்ட்டே இன்று அதன் கடுமையான விமர்சகர். 2003-ல் போர்டு, கூத், விலென்கின் மூவரும், இப்படிச் சராசரியாக விரிந்துகொண்டே இருக்கிற எதையும் முடிவில்லாமல் பின்னோக்கி ஓட்ட முடியாது என்று காட்டினார்கள்.

எனக்கு இதில் பிடித்துப்போனது ஒன்றுதான். பாடப்புத்தகத்தின் முதல் வரியில் இருக்கிற விதியைப் பார்த்து "இது எவ்வளவு தூரத்துக்கு உண்மை?" என்று கேட்கிற தைரியம் அவருக்கு இருந்தது. அந்தக் கேள்வி நல்ல கேள்வி. அவர் கொடுத்த பதில் தப்பு. கேள்வியின் மேல் இருந்த காதலில், பதில் தப்பு என்று டேட்டா சொன்னதை அவரால் கேட்க முடியாமல் போனது. ஒரே ஆளிடம் இரண்டும் இருந்தன. என் டீமில் கிராஃப் காட்டிய அந்தப் பெண்ணிடம் நான் பிறகு மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல அண்ணா, எண்ணிக்கை ஏன் பொருந்தலைன்னு முதல்ல கேட்டது நீங்கதானே" என்றார். ஹாயிலுக்கும் யாராவது அப்படிச் சொல்லியிருக்கலாம்.

தம்பி, உனக்கு அனுப்ப வேண்டிய பதில் இதுதான். விரியும்போது புதுசா அணுக்கள் வரலை, அடர்த்திதான் குறையுது. ஆனா நீ படிச்ச விதியை மொத்தப் பிரபஞ்சத்துக்கும் அப்படியே நீட்ட முடியாது. மல்டிவெர்ஸ் இருக்கான்னு இதுவரை யாரும் அளந்து பார்க்கலை. பரீட்சையில மட்டும் "ஆக்கவோ அழிக்கவோ இயலாது"ன்னே எழுது, மார்க் போயிடும். விடைத்தாளைக் கொடுத்துட்டு வெளியே வந்த பிறகு மறுபடியும் கேட்க ஆரம்பி.

அடுத்த எபிசோடில் எமி நோய்தரைப் பற்றி முழுதாகப் பேசலாம். கேள்விகளை அனுப்புங்க. பஸ் ஹார்ன் இருந்தாலும் பரவாயில்லை.